கத்தி தீட்டிய தவக்காலம்

விபூதிப் புதனுக்கு மறுநாள் அனஸ்தாசியா கத்தியைத் தீட்டத் தொடங்கினாள். தவக்காலத்தின் நாற்பது நாளைக்கும் இறைச்சி வாசமே படாத வீட்டில் கத்திக்கு என்ன வேலை? அவள் புருசன் நிக்கொலஸ் வலையைப் போட்டுவிட்டு எழுந்துவந்தான். முற்றத்துக் கூட்டுக்குள் ஆறு முயல்கள் காதை விறைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

"என்னத்துக்கு இப்பக் கத்தி?"

"பாஸ்குத் திருநாள் வருதுதானே."

"அதுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு."

"முயல் ஆறு இருக்கு. கத்தி கூரா இருக்கணும்."

அந்த ஆறும் தென்னந்தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பிள்ளைகள் வளர்த்தவை. உலகச் சண்டை முடிந்த கையோடு துரை குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறினார். பியானோவுக்குப் பெட்டி அடித்தார்கள். நாய்க்குச் சீட்டு எடுத்தார்கள். முயல்களை மறந்தே போனார்கள். வழக்கம்போல் பங்களாவுக்கு மீன் கொண்டுபோன நிக்கொலஸ், காவல்காரன் அவற்றை மணல்மேட்டில் விட்டுவரக் கிளம்புவதைக் கண்டான். மணல்மேட்டில் நரிகளுக்குக் குறைவில்லை. மீன் முழுவதையும் காவல்காரனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையில் முயல்களை அள்ளிக்கொண்டு குறிஞ்சிப்பிட்டிக்கு வந்து சேர்ந்தான்.

வந்தவை அனஸ்தாசியாவின் கீரைப்பாத்தியைத் தின்றன. வெங்காயப்பாத்தியைக் கிண்டின. குசினிச் சுவருக்கடியில் சுரங்கம் வெட்டின. களைத்துப்போனால் மறுபடியும் கீரை. "நல்ல ஆக்களாப் பாத்துக் குடுங்க" என்று அவள் நூறு தரம் சொன்னாள். "பாப்பம்" என்றான் அவன். நிக்கொலஸ் 'பாப்பம்' என்றால் அந்தக் காரியம் அவன் ஆயுசில் நடக்காது.

ஒரு நாளைக்கு நூறு மீன் வெட்டுகிற கைதான் அவனுடையது. ஆனால் மீனுக்கு இமை இல்லை. முயல் இமையை மூடித் திறந்து ஆளைப் பார்க்கிறது. அதிலும் ஒரு காது மடிந்த வெள்ளை முயல் ஒன்று. அதற்குத் துரைசாணி என்று பெயர் வைத்திருந்தான். அவன் கடலால் வந்ததும் கூட்டுக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். இருபது வருசக் கலியாண வாழ்க்கையில் வேறு யாரும் அவனுக்காக அப்படி வாசலில் நின்றதில்லை.

கத்தி நாள் தவறாமல் தீட்டப்பட்டது. மூன்றாம் கிழமை பாயில் மிளகாய் காய்ந்தது. நாலாம் கிழமை கொத்தமல்லி வறுபட்டது. ஐந்தாம் கிழமை அவள் துரைசாணியைத் தூக்கி நிறை பார்த்து, "ஆறு பேருக்குக் காணும்" என்றாள். நிக்கொலஸ் அன்று சோற்றை எடுத்துக்கொண்டு கூட்டருகில் போய் உட்கார்ந்தான். பெண்சாதியை ஏய்த்தே தீருவது என்று முடிவெடுத்தான்.

அடுத்த நாள் காலை, அவள் பூசைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு முயலைக் கூடையில் வைத்துக் கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரி முத்தலிபு வீட்டுக்கு ஓடினான். முத்தலிபின் மனைவி றம்லா வாசலில் நின்றாள்.

"தங்கச்சி, இதுகள வளக்க ஏலுமா? அறுக்கப்படாது."

"அல்லாஹ்வே, ஆரு அறுக்கப்போற? புள்ளைகள் எப்ப எப்ப எண்டு காவலிருக்கு. கூடும் அடிச்சாச்சு."

கூடு ஏன் முன்கூட்டியே அடித்திருந்தது என்று அவன் யோசிக்கவில்லை. ஏய்க்கிறவனுக்கு யோசிக்க எங்கே நேரம்?

மறுகிழமை மூன்றை வள்ளத்தில் ஏற்றி உடப்புக்குப் பாய் விரித்தான். அங்கே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பாக்கியம்மா, அவன் வாய் திறக்குமுன், "மூணுதானே?" என்று கை நீட்டினாள். தனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நிக்கொலஸ் நினைத்துக்கொண்டான்.

துரைசாணியைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. கடற்கரையில் தன் மீன்வாடிக் குடிசையில் பழைய வலைகளுக்குள் ஒளித்து வைத்தான். வீட்டில், முதல் இரண்டுக்கும் நரியைச் சொன்னான். மிச்சம் நாலுக்கும் அதே நரி. "ஐயோ பாவம்" என்றாள் அனஸ்தாசியா. கத்தியைக் கூரையில் செருகினாள். பாவசங்கீர்த்தனத்தில் அத்தனை நரிகளையும் பாதிரிச் சுவாமியிடம் ஒப்புவித்துவிட்டு, நிக்கொலஸ் மனப்பாரம் குறைந்து பாஸ்குக்குக் காத்திருந்தான்.

பாஸ்கு அன்று பூசை முடிந்து வந்து சட்டியைத் திறந்தால் ஆட்டிறைச்சிக் கறி!

"இது எங்க எடுத்த?"

"றம்லாட்ட. அவட ஆட்டுக்கு விபூதிப் புதனுக்கே சொல்லி வெச்சது."

"அப்ப முயல்?"

"எனக்கு மட்டும் அதுகளப் பாத்தா அறுக்க மனசு வருமா? எனக்கு என்ட கீரைப்பாத்தி வேணும். குடுங்க எண்டா நீங்க குடுக்க மாட்டீங்க. கத்தியத் தீட்டினாக் குடுப்பீங்க."

"அப்ப அந்தக் கூடு? பாக்கியம்மா?"

"ரெண்டு பேருக்கும் நான்தான் சொல்லிவிட்ட. நல்ல ஆக்கள்."

நிக்கொலஸ் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாடி இருக்கிறதே! ஒன்றையாவது அவன் சொந்தப் புத்தியால் காப்பாற்றியிருக்கிறான். அந்தத் தெம்பில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி கேட்டான்.

அவள் நாலு துண்டு போட்டாள்.

"திண்டிட்டு வாடிக்குப் போய்ப் பாருங்க. விடிய நான் வழக்கம்போல அதுக்கு இல போடப் போன. உங்கட துரைசாணி ஏழு குட்டி போட்டிருக்கு."

அவனுக்குப் புரையேறியது. அனஸ்தாசியா தண்ணீரை எடுத்து நீட்டினாள், உச்சியில் தட்டிவிட்டாள், பிறகு எட்டிக் கூரையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"தலவிலக் கோயில் திருநாளுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. இப்பவே தீட்டவா?"