குரோனரைப் பார்த்த மாப்பிள்ளை

ஒரு விஷயத்தைப் புதிதாகப் படித்தவன் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் எதைப் படித்தாலும் உலகத்திலேயே எனக்கு மட்டும் அது தெரிந்துவிட்டதுபோல ஒரு பிரமிப்பு வந்துவிடும். (இன்னும் வருகிறது, என்ன செய்வது?)

ஆக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட் பகுதிக்குத் தர்சினியைப் பெண் பார்க்கப் போனோம். படத்தைப் பார்த்த நாளிலேயே இவள்தான் என்று நான் மனதுக்குள் முடிவுகட்டியிருந்தேன். ஆனால் அவள் வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவர், ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த அவளுடைய சித்தப்பா. விடுவேனா? பரீட்சைக்குப் படிப்பதுபோல் நோர்வேயைப் படித்தேன்.

காரை விட்டு இறங்கும்போதே அம்மா சொன்னார்: "தம்பி, அங்க கூடக் கதைக்காதை. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு."

"ஓம் அம்மா."

உள்ளே போய் உட்கார்ந்ததும் சித்தப்பா போனை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். நடுவில் ஓட்டை உள்ள நாணயம் ஒன்று கூடவே வந்து விழுந்தது. "அது எங்கட குரோனர், தம்பி," என்றார். அவ்வளவுதான் சொன்னார், பாவம்.

"குரோனர் எண்டா கிரீடம், அங்கிள். லத்தீனில கொரோனா எண்டொரு சொல்." (அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார்.) "தலையில வைக்கிற மாலை. அதுக்கும் முந்தி கிரேக்கத்தில, வளைஞ்ச சாமானுக்கு அந்தப் பேர். வளைவு மாலையாகி, மாலை கிரீடமாகி, கிரீடத்தைக் காசில அடிச்சு, கடைசியில காசுக்கே அந்தப் பேர். ஐஸ்லாந்தில ராசாவே இல்லை. காசின்ர பேரில மட்டும் இன்னும் கிரீடம் இருக்கு."

"அப்படியே?" என்றார், இத்தனை வருடம் அந்தக் காசில் பாணும் பாலும் வாங்கியவர்.

நாணயத்தைத் தூக்கி, ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தேன். ரோமாபுரியில் யாரோ தலையில் சூடிய இலைமாலை, எத்தனையோ வாய்கள் மாறி, ஆக்லாந்தில் என் விரல்களுக்கு நடுவே. கண் கலங்கிவிட்டது. யாரோ தேத்தண்ணீர் நீட்டினார்கள்.

"நன்றி, மேசையில வையுங்கோ," என்றேன், திரும்பாமல்.

நாணயத்தைத் தாழ்த்தினேன். சமையலறைக் கதவோரம் ஒரு சேலைத் தலைப்பு மறைந்தது. அம்மா நெற்றியில் கைவைத்திருந்தார்.

"பெடியனுக்கு விருப்பமில்லைப் போல," என்றார் தர்சினியின் அம்மா. "பிள்ளையை ஏறெடுத்தும் பாக்கேல்லை."

மறுக்கப் பார்த்தேன். லத்தீனும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

சித்தப்பாதான் வாய் திறந்தார். "விருப்பமில்லாதவன் எனக்காக இவ்வளவத்தையும் பாடமாக்கிக்கொண்டு வருவானே, அண்ணி?"

உள்ளிருந்து தர்சினியின் குரல் வந்தது: "இன்னொருக்கா வாறன். முதல்ல அந்தக் காசை வாங்கி உள்ள வையுங்கோ, சித்தப்பா."

வந்தாள். பார்த்தேன். அடுத்த தையில் கல்யாணம்.

இன்றைக்கும் தர்சினி எந்த அறைக்குள் நுழைந்தாலும், விருந்தாளிகள் முன்னாலேயே மாமியார் அறிவிக்கிறார்: "தம்பி, பிள்ளை வாறா. நிமிந்து பாருங்கோ."

பார்க்கிறேன். பார்த்தால், பேச்சு வருவதில்லை.