பாலத்தின் இருபுறமும் அடிக்கும் கைப்பேசி பற்றி மைத்துனருக்கு

அன்புமிக்க மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் அப்படி நம்பியதற்கு மன்னிக்கவும். கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதை இவர் ஏன் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். விஷயம் கைப்பேசியைப் பற்றியது. அதைப் பற்றி அதிலேயே பேசினால் பாதியில் நின்றுவிடுமோ என்ற பயம் ஒன்று. நீங்கள் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் நான் சொல்லவந்ததை மறந்துவிடுவேன் என்பது இன்னொன்று.

போன மாதம் நீங்கள் வந்துவிட்டுத் திரும்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "அத்தான், ஒண்ணு உங்க போன் அடிக்கணும், இல்லேன்னா நீங்க வீட்டுல இருக்கணும். ரெண்டுல எதுன்னு அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி அக்காவை நான் கூட்டிட்டுப் போயிடுறேன்." அதில் தவறு ஒன்றும் இல்லை. திங்கள் முதல் புதன் வரை நான் பாலத்துக்கு அப்பால் அந்த நாட்டில், அச்சகத்து அறையிலேயே தங்கிப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மற்ற நான்கு நாளும் இந்த நாட்டில் உங்கள் அக்காவுக்கு உதவியாக இருக்கிறேன், அல்லது இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சமையலறையில் தலைசுற்றி உட்கார்ந்தவள், காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை, கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்க வந்த பக்கத்து வீட்டம்மா பார்க்கும்வரை, தரையிலேயே இருந்திருக்கிறாள். அந்த ஐந்து மணி நேரமும் என் கைப்பேசி மேசைமேல் கண்ணெதிரே கிடந்தது. ஒரு முறைகூட அடிக்கவில்லை. நான் பின்னங்கள் பாடத்தில் இருந்தேன். புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். நீங்கள் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எனக்கு வயது அறுபத்தொன்பது. இந்த வேலையை விட்டால் எனக்குச் செய்யத் தெரிந்தது வேறு எதுவும் இல்லை. அதே சமயம் அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்கவும் வேண்டும். அதற்காக இந்த மூன்று வாரத்தில் நான் செய்தவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

குறை எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா. அச்சகம் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. என் நாற்காலியில் உட்கார்ந்தால் கைப்பேசி அந்த நாட்டில் இருக்கிறது. ஜன்னலோரம் போனால் நம் நாட்டுக்கு வந்துவிடுகிறது. கழிப்பறையில் எந்த நாட்டிலும் இல்லை. ஒவ்வொரு முறை மாறும்போதும் "தங்கள் வரவு நல்வரவாகுக" என்று ஒரு செய்தி வேறு. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவை தண்ணீர் குடிக்க எழுந்ததைத் தவிர இடத்தைவிட்டு நகராமலேயே முப்பத்தொரு முறை எல்லை கடந்திருக்கிறேன்.

ஆகவே சேவையை மாற்றிவிடலாம் என்று அந்தப் பக்கத்துக் கைப்பேசிக் கடைக்குப் போனேன். கடைப் பெண் நல்ல பெண். "ஐயா, நீங்க இருக்கிறது இங்கயா, அங்கயா?" என்று கேட்டாள். எளிய கேள்விதான். மூன்று நாள் இங்கே, நான்கு நாள் அங்கே என்றால் பெரும்பான்மை அங்கே. ஆனால் விழித்திருந்து உருப்படியாக ஏதாவது செய்கிற நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இங்கே. பாலத்தின் மேல் பேருந்தில் போகிற நேரத்தை எதில் சேர்ப்பது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். "சரி விடுங்க, இதைப் படிச்சுப் பார்த்துக் குடுங்க" என்று பதினாறு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து ஒரு ஸ்டூலைக் காட்டினாள். படித்துப் பார் என்று தாளைக் கொடுத்தால் நான் செய்வது ஒன்றுதான். சிவப்புப் பேனாவை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் கூடுதல் வசதிகள் என்று இருபத்துமூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறிய கட்டம். பிழையில்லாத வரிக்கு எதிரே டிக் போடுவது என் நாற்பத்தோராண்டுப் பழக்கம். கட்டமும் அதற்குத் தோதாக இருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் பதினேழு என்று இருக்க வேண்டிய வரிசை எண், பதினாறு என்று இரண்டாம் முறை அச்சாகியிருந்தது. அதைச் சுழித்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன்.

"எல்லாமே ஓகேவா ஐயா?" என்றாள் அந்தப் பெண், வியப்போடு.

"எல்லாம் சரியா இருக்கும்மா. அந்த ரெண்டாவது பதினாறுல மட்டும்தான் தப்பு."

"அப்ப அதை எடுத்துடறேன்" என்றாள். ஒரு திருத்தத்தை இவ்வளவு சீக்கிரம் யாரும் ஏற்றுக்கொண்டதில்லை என்பதால் நான் அவளுக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன்.

இதன் பலனாக எனக்கு இருபத்திரண்டு வசதிகள் கிடைத்தன. மீனவர்களுக்கான அலை நிலவரம் காலை ஐந்தரைக்கு வருகிறது. என்னை யாராவது கூப்பிட்டால் அவர்கள் காதில் ஒரு குழந்தை கலகலவென்று சிரிக்கிறது, அச்சக மேலாளர் அம்மையார் அதைக் கேட்டுவிட்டு, "வீட்ல குழந்தை இருக்கா? சொல்லவே இல்லியே" என்றார்கள். கருவுற்ற தாய்மார்களுக்கான ஆலோசனையும் தினம் வருகிறது. என் குழந்தை இப்போது எலுமிச்சை அளவு. அதிக பாரம் தூக்கக் கூடாது என்றிருந்ததால் அன்று அகராதியை எடுக்கச் சற்றுத் தயங்கினேன். உங்கள் அக்கா வியாழக்கிழமை தோறும், "இந்த வாரம் எவ்வளவு பெருசு?" என்று கேட்கிறாள். கிடைக்காத வசதி ஒன்றே ஒன்று. அது எல்லை தாண்டிய அழைப்பு வசதி. அந்த இரண்டாவது பதினாறு அதுதான்.

மறுபடி கடைக்குப் போய் அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யக் கூச்சமாக இருந்தது. வேறொரு படிவம் கொடுத்தால் என்ன செய்வது. எந்த நாட்டுக் கோபுரம் எந்த இடம் வரை எட்டுகிறது என்று நானே பார்த்துவிடலாம் என்று அடுத்த புதன்கிழமை பேருந்தில் ஏறாமல் பாலத்தில் நடந்தேன். இருபது அடிக்கு ஒருமுறை நின்று, திரையில் எத்தனை கோடு தெரிகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். எல்லையில், பாலத்தின் மேல், ஒரு ஆள் அடிக்கடி நின்று எதையோ குறித்துக்கொண்டிருந்தால் பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. காவலர் வந்து நோட்டை வாங்கினார். எனக்கு "மனைவி... கைப்பேசி..." என்று இரண்டு சொல்தான் வந்தது. அவர் நோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இருநூத்தி நாப்பதாவது அடியில நாலு கோடுன்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவா?"

நிஜம் என்றேன். அவருடைய குடும்பமும் நம் நாட்டுப் பக்கம்தானாம். இத்தனை நாளும் அவர் இருநூறாவது அடியில் நின்று கத்திக்கொண்டிருந்தாராம். அட்டவணையை ஒரு தாளில் நகலெடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி எனக்கு வழி சொன்னார். "ரெண்டு சிம் போடுங்க பெரியவரே. வீட்டு நம்பரை மாத்தாதீங்க, அம்மாவுக்கு அதுதான மனப்பாடம். அதுக்கு வர்ற போனை நீங்க வேலை பாக்குற ஊரு சிம்முக்குத் திருப்பி விட்டுடுங்க. அவங்களுக்கு நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னே தெரிய வேண்டாம்." அவரே என் கைப்பேசியை வாங்கி எல்லாம் செய்துகொடுத்தார். நாற்காலியில், ஜன்னலோரம், மாடிப்படியில் என்று ஒன்பது இடங்களில் சோதித்துவிட்டேன், ஒன்பதிலும் அடிக்கிறது. கழிப்பறைக்கு நான் வெறுங்கையோடு ஓடிப் போய் ஓடி வருகிறேன்.

ஆகவே நீங்கள் கேட்ட முடிவு இதுதான்: இரண்டு நாட்டுக்கும் இரண்டு சிம், ஒரே கைப்பேசி. இனி உங்கள் அக்கா எப்போது கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும். இதை ஏற்றுக்கொண்டு நான் வேலையில் தொடர்வதற்குச் சம்மதிக்கும்படியும், அவளை அழைத்துப் போகும் எண்ணத்தைக் கைவிடும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மனைவிக்கு என் மரியாதையைச் சொல்லவும். தேர்வு எழுதப்போகும் உங்கள் மகளுக்கு என் ஆசிகள். கேள்வித்தாளில் எதற்கும் டிக் போடும் முன் ஒரு முறைக்கு இருமுறை படிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் என்றும் அன்பு குறையாத
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எலுமிச்சை வரை சிரித்தாள். காவலர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் முடித்த பிறகு, "அன்னிக்கு நான் கூப்பிடவே இல்லீங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ரொம்ப வருஷம் முன்னாடி ஒருதடவை கூப்பிட்டேன். 'அச்சுக்குப் போற நேரத்துல என்ன'ன்னு கேட்டீங்க. அதுலேர்ந்து கூப்பிடறதில்ல. நீங்களும் அங்கேருந்து ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கைப்பேசி அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்ததாம். ஆகவே மேலே எழுதியுள்ள அனைத்தையும் நீக்கிவிட்டதாகக் கொள்ளவும். கோபுரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் வந்து அவளை அழைத்துப் போவதாக இருந்தாலும் நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. "அவன் யாரு என்னைக் கூட்டிட்டுப் போக" என்று அவள் சொன்னதை மட்டும் தெரிவித்துவிடுகிறேன்.

நாளை திங்கட்கிழமை. பதினொரு மணிக்கு நான் அவளைக் கூப்பிடப்போகிறேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருகிறேன். ஒரு மணி நேரமாக உட்கார்ந்தும் மூன்று வரிதான் வந்திருக்கிறது. அதில் இரண்டு வரி வானிலை. அவளிடமே போய், வேறு என்ன பேசலாம் என்று கேட்டேன்.

"நீங்க கூப்பிடுங்க. பேசறதை நான் பாத்துக்கறேன்" என்றாள்.