எட்டு முழ வேட்டிக்கு முன்னால் ஒரு சாரை

தஞ்சாவூர் ஜில்லாவில் மனிதர்களைக் கோணலாகவும் பாம்புகளை நேராகவும் போட்டோ எடுத்த ஒரே ஆள் எங்கள் எட்டுமுழம்தான். அவர் எடுத்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பார், பெண்ணுக்கு நெற்றிக்கு மேல் எதுவும் இருக்காது. அதே வாரம் எடுத்த பச்சைப்பாம்பின் படத்தில் செதிலை ஒவ்வொன்றாக எண்ணலாம். கேட்டால் பழி மாப்பிள்ளை மேல் விழும்.

"பாம்புக்குக் கண்ணிமையே கிடையாது தம்பி. மனுஷன்தான் சமயம் பார்த்து மூடிடுறான்."

பாமணியாற்றங்கரையில் ஒரு டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அந்த மாப்பிள்ளைகள் இன்னும் கோபமாக இருக்கலாம். அங்கே தாலுகா ஆபீஸில் நான் குமாஸ்தா. குடியிருந்தது அவருடைய ஸ்டூடியோவுக்கு மேல் அறையில். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்த புதிது. கோப்புகளையெல்லாம் இனித் தமிழில் எழுது என்று உத்தரவு வந்து, பழைய ஆசாமிகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம்.

மற்ற ஸ்டூடியோக்களில் பின்னணிக்குத் தாஜ்மகால் இருக்கும், அருவி இருக்கும், ஆகாய விமானம்கூட இருக்கும். இவரிடம் இருந்தது சலவை செய்த எட்டு முழ வேட்டி ஒன்றும் இரண்டு மூங்கில் கழிகளும். எங்கே போனாலும் அவை சைக்கிள் கேரியரில் போகும். அவர் உயரம் என்னவோ மூன்றரை முழத்துக்கு மேல் தேறாது. ஊர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எட்டுமுழம் என்றே பெயர் வைத்துவிட்டது.

"பின்னால ஒண்ணும் இருக்கப்படாது தம்பி. இருந்தா கண்ணு அங்க போயிடும். அப்புறம் முன்னால இருக்கிறவனை எவன் பாப்பான்?" என்பார். இதை அவர் கொள்கை என்று சொன்னால் குறைவு. விரதம் என்று சொல்லலாம்.

ஆளுங்கட்சிப் பொதுக்கூட்டம் ஒன்றுக்கு இவரைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். கிளைச் செயலாளர் பேச எழுந்ததும், இவர் தொண்டர்கள் இரண்டு பேரைப் பிடித்து அவருக்குப் பின்னால் வேட்டியை விரிக்கச் சொல்லிவிட்டார். படம் வந்தது. செயலாளர் தன்னந்தனியாக வெட்டவெளியில் நின்று எதையோ கேட்டுக் கையை நீட்டுவதுபோல் இருந்தது. மறுநாள் காலையில் அவர் ஸ்டூடியோ வாசலில் நின்று கத்தினார்.

"மேடையில தலைவர் படம் இருந்துச்சே, எங்கய்யா அது?"

"வேட்டிக்குப் பின்னால பத்திரமா இருக்காருங்க."

"வெள்ளைத் துணி எந்தக் கட்சி அடையாளம்னு தெரியுமாய்யா உனக்கு?"

"கறுப்பு கட்டுனா ஒரு கட்சிங்கிறாங்க, செவப்பு கட்டுனா இன்னொரு கட்சிங்கிறாங்க. பாம்புங்களுக்குக் கட்சி கிடையாதுங்க. என்ன துணின்னு அதுங்க கேக்குறதில்ல."

செயலாளர் மேலே பேசுவதற்குள் உள்ளேயிருந்து மண்ணுளிப்பாம்பு ஒன்று வாசற்படிக்கு வந்தது. அவர் அத்துடன் விவாதத்தை முடித்துக்கொண்டார்.

ஆமாம், பாம்புகள் ஸ்டூடியோவிலேயேதான் இருந்தன. எல்லாம் விஷமில்லாதவை என்று அவர் சத்தியம் செய்வார். வாடிக்கையாளர்கள் அந்தச் சத்தியத்தைத் தெருவில் நின்று கேட்டுக்கொள்வார்கள். கூத்தாநல்லூர் பாய் ஒருவர் சிங்கப்பூர் போவதற்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். காலடியில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தவர் அப்புறம் இமை கொட்டவில்லை, மூச்சும் விட்டாரா தெரியாது. எட்டுமுழம் மனிதரை எடுத்த படங்களிலேயே சிறந்தது என்று கடைசிவரை பெருமைப்பட்டுக்கொண்ட படம் அது.

அந்தப் பாம்புகளுக்குள் ராஜா ஒரு சாரை. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் சிரஸ்தார். எங்கள் ஆபீஸில் தாசில்தாருக்கு அடுத்தபடியாகக் கோப்புகளைக் கட்டி மேய்க்கும் அதிகாரிக்கும் சிரஸ்தார் என்றுதான் பெயர். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்னண்ணே, எங்க ஆபீசர் பேரை வச்சிருக்கீங்க? காதுல விழுந்தா என் வேலை போயிடும்."

"மரியாதையாத்தான் வச்சிருக்கேன் தம்பி. இதுவும் வயிறு நெறஞ்சுட்டா ரெண்டு வாரத்துக்கு அசையாது."

சிரஸ்தார் அவரிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு கதை உண்டு. டவுனுக்கு வெளியே, வாய்க்கால் மதகை ஒட்டி ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவர் தங்கையன். நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பு, ஒரு சம்பா அறுவடையில் அவர் அரிவாள் பட்டு ஒரு குட்டிச் சாரையின் வால் நுனி போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் மீதியையும் வெட்டியிருப்பார்கள். தங்கையன் அதைத் துண்டில் சுற்றி எட்டுமுழத்திடம் கொண்டுவந்தார். "தெரியாமப் பண்ணிட்டேங்க. எலி புடிக்கிற ஜீவன்" என்று கண் கலங்கினாராம். எட்டுமுழம் மஞ்சள் வைத்துக் கட்டிப் பிழைக்க வைத்தார்.

அன்றுமுதல் வருஷத்துக்கு ஒருமுறை சிரஸ்தாரைச் சாக்கில் போட்டுச் சைக்கிளில் அதே வயலுக்குக் கொண்டுபோய்ப் படமெடுப்பது அவர் வழக்கமாயிற்று. காலை வெயிலில்தான் செதில் பளிச்சென்று விழுமாம். குளிர் விடாத வேளையில் பாம்பும் சோம்பிக் கிடக்கும். வேட்டியில் பாதி தரையில் விரிந்திருக்கும், பாதி பின்னால் திரையாக நிற்கும். ஒரு கழியைத் தங்கையன் பிடிப்பார். மறு கழி அவர் மனைவி அம்மாக்கண்ணு கையில். நானும் ஒரு தடவை கூடப் போயிருக்கிறேன்.

"தங்கையா, இறுக்கு! அம்மாக்கண்ணு, நீ சிரிச்சா துணி ஆடுது பாரு!"

"பாம்புக்குப் போயி இவ்வளவு சோடனையான்னு சிரிப்பு வருதுங்க."

"சோடனை இல்லைன்னுதானே இந்தப் பாடுபடுறேன்!"

அச்சுப் போட்டதும் ஓரங்களை வெட்டிவிடுவார். பாம்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். நெகட்டிவ் உறையின் மேல் தேதி, பாம்பின் நீளம், சட்டை உரித்த நாள் எல்லாம் குறித்து வைப்பார். எங்கள் ஆபீஸில் எந்தப் பதிவேடும் அத்தனை சுத்தமாக இருந்ததில்லை.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் நிலம் என்று வாயெடுத்தாலே சண்டை. இந்த வரப்பில் செங்கொடி நின்றால் அந்த வரப்பில் பண்ணை ஆட்கள் நிற்பார்கள், ரோட்டில் போலீஸ் வேன் நிற்கும். இதற்கு நடுவில் குத்தகைக்கு உழுபவன் பெயரைச் சர்க்கார் ஏட்டில் பதியலாம் என்று சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் அவனை லேசில் வெளியேற்ற முடியாது. உடனே மிராசுதார்கள் பலருக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. தங்கையனின் நிலத்துக்குச் சொந்தக்காரரைப் பெரிய பண்ணை என்பார்கள். "தங்கையனா? எப்பவாவது கூலிக்கு வந்திருப்பான். சாகுபடி நான்தான்" என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

தங்கையனிடம் ரசீது கிடையாது. குத்தகை நெல்லை வருஷாவருஷம் பண்ணைக் களத்தில் கொண்டுபோய் அளந்ததோடு சரி. கிராமக் கணக்கிலும் பண்ணையின் சொந்தச் சாகுபடி என்றே எழுதியிருந்தது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சாட்சி சொல்லப் பயந்தார்கள். அடுத்த நடவுக்கு வரப்பில் கால் வைக்கக் கூடாது என்று பண்ணையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அவருடைய மனுவுக்கு எண் போட்டவன் நான்தான். படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்தேன். எட்டுமுழம் அந்த வருஷத்துச் சிரஸ்தார் படத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டின துண்டு என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு கழியும், அதைப் பிடித்த வளையல் கையும், கைக்குப் பின்னால் நெற்பயிரும் இருந்தன.

"அண்ணே, நெகட்டிவுல இதெல்லாம் முழுசா இருக்கா?"

"இருக்கும், எல்லாக் குப்பையும் இருக்கும். மதகு, பனைமரம், தங்கையன் கோமணம், ஒண்ணு விடாம இருக்கும். ஏன்?"

"எல்லா வருஷத்துதும்?"

"நாலு வருஷத்துதும் இருக்கு. ஏன்யா?"

சொன்னேன். முழுசாக அச்சுப் போட்டு விசாரணையில் கொடுத்தால் தங்கையன் பிழைப்பார் என்றேன். மனிதர் நெருப்பை மிதித்தவர்போல் எழுந்துவிட்டார். பண்ணைக்குப் பயந்து அல்ல. பண்ணையை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை, மூஞ்சியில் நிழல் விழாத ஆசாமி, படத்துக்கு லாயக்கில்லை என்பார்.

"ஓரத்தோடயா? கழி, கை, கால், சுருக்கம் எல்லாத்தோடயுமா? என் பேர்ல அது வெளிய போறதா? இத்தனை வருஷமா எதுக்குய்யா நான் வேட்டியைத் தூக்கிட்டு அலையுறேன்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மனிதனுடைய சோற்றைவிடப் பாம்பின் பின்னணி பெரிதா என்று கேட்டேன். அவர் சிரஸ்தாரின் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அம்மாக்கண்ணு வந்தார். விசாரணைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அவர் கெஞ்சவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பாம்புக்குப் பின்னால ஒண்ணும் வேணாம்னீங்க. நாங்களும் வேட்டியைப் புடிச்சிக்கிட்டு நின்னோம். இப்பப் பண்ணையிலயும் அதையேதான் சொல்றாங்க, அங்க ஒருத்தருமே இல்லியாம். நாங்க நின்னோமா இல்லியா, நீங்களே சொல்லுங்கய்யா."

எட்டுமுழத்தின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "நின்னீங்க தாயி" என்றார். இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் வெளியே வந்தபோது கையில் நாலு பெரிய படங்கள் ஈரத்தோடு இருந்தன.

விசாரணை நாளில் ஸ்பெஷல் தாசில்தார் மேஜையில் நாலு படங்களையும் பரப்பினார்கள். நடுவில் சிரஸ்தார், ஒரு பக்கம் தங்கையன், மறுபக்கம் அம்மாக்கண்ணு. வேட்டிக்கு மேலே மதகும் இரட்டைப் பனையும். ஒன்றில் அறுத்துப் போட்ட அரிக்கட்டு கிடந்தது, ஒன்றில் நாற்றங்கால், மற்ற இரண்டில் பயிர். பண்ணையின் வக்கீல் கெட்டிக்காரர்.

"இதெல்லாம் ஒரே வருஷத்துல எடுத்ததா இருக்கலாமே?"

எட்டுமுழம் முன்னால் வந்தார். "பாம்பைப் பாருங்க சார். முதல் படத்துல ஒண்ணரை முழம். நாலாவதுல நாலரை முழம். ஒரே வருஷத்துல எந்தப் பாம்பு சார் இப்படி வளருது?"

"நாலும் வேற வேற பாம்பா இருந்தா?"

"வால் நுனியைப் பாருங்க. நாலுலயும் நுனி கிடையாது, ஒரே மாதிரி வெட்டு. வெள்ளைத் துணியில எடுத்ததாலதான் அதைப் பாக்க முடியுது." இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெற்றியை நான் இன்னும் மறக்கவில்லை.

"படத்துல எதை வேணா வரையலாம்" என்றார் வக்கீல்.

"அப்ப ஆளையே பாத்துடுங்க" என்று எட்டுமுழம் சாக்கை அவிழ்த்தார்.

வக்கீல் பெஞ்சின் மேல் நின்றார். பெரிய பண்ணை வராந்தாவில் நின்றார். அசல் சிரஸ்தார் இரண்டு கால்களையும் நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டார். தாசில்தார் மட்டும் அசையாமல், "இதை எப்படிய்யா எழுதுறது? பாம்புக்குப் பேர் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

நான் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று யோசித்தேன். எட்டுமுழம் கணீரென்று சொன்னார்: "சிரஸ்தாருங்க."

தாசில்தார் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. பிறகு தங்கையன் பக்கம் திரும்பி, "நீ எதுக்குய்யா வேட்டியைப் புடிச்சே?" என்றார்.

"நம்ம வயலுக்கு வந்த மனுஷன் கேக்குறாருங்க. புடிக்காம இருப்பமா?"

அந்த 'நம்ம வயல்' காதில் விழுந்ததும் தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். தங்கையன் பெயர் அந்த வாரமே ஏட்டில் ஏறியது. 'மேற்படி பாம்பு நேரில் ஆஜர்படுத்தப்பட்டு, வால் நுனி இல்லாதது பார்வையிடப்பட்டது' என்று தமிழில் எழுதியவன் அடியேன். அசல் சிரஸ்தார் என்னுடன் பேச மூன்று மாதம் ஆயிற்று.

எல்லாரும் எழுந்து போகும்போது எட்டுமுழம் தயங்கித் தயங்கித் தாசில்தாரிடம் போனார். "சார், வேலைதான் முடிஞ்சிருச்சே. ஓரத்தை மட்டும் வெட்டிட்டுப் படத்தை வச்சுக்கிறீங்களா?"

"யோவ், ஓரம்தான்யா சாட்சி!"

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன் என்னையும் அந்த வயலுக்குக் கூட்டிப்போனார். வேட்டிக்கு முன்னால் என்னை நிறுத்தினார். தங்கையனும் அம்மாக்கண்ணுவும் கழிகளைப் பிடித்தார்கள். "கண்ணை மூடாத தம்பி" என்று பத்துத் தடவை சொன்னார். நான் மூடிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் படத்தைக் கையில் வைத்தபோது பார்த்தேன், ஓரங்கள் அப்படியே இருந்தன.

"என்னண்ணே, வெட்டலியா?"

"யாரை வெட்டச் சொல்றே?" என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ஊர் முழுக்கப் படமெடுத்த அந்த மனிதர் தன்னை ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். அதில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். வழக்கம்போல் வெட்டியிருந்தால் போயிருக்கும் கீழ் ஓரத்தில், காலை வெயிலில், மூன்றரை முழ மனிதர் ஒருவரின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. படத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் அந்த நிழலைத்தான் பார்க்கிறேன்.