மாமனாரும் இரண்டாவது டிஸ்க்கும்

அருவங்காடு,
வியாழக்கிழமை.

அன்பு மச்சினன் வேலாமணிக்கு,

உன் மச்சான் லிங்கசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா ஜோதிமணியும் மழையும் நலம். கூடலூரில் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க முருகன் அருள்வானாக. நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டைக்கு வருகிறேன். 2005-இல் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது எடுத்த வீடியோவின் இரண்டாவது டிஸ்க்கை, உன் மாமியாருக்குக் காட்டுவதாக வாங்கிப் போனாயே, அதை உடனே கொண்டுவந்து சேர்க்கவும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பாவுக்கு முதல் வருடத் திதி. அவர் குரல் இருப்பது அந்த ஒரு டிஸ்க்கில்தான். "போட்டோ இருக்குது, ஆனா போட்டோ பேசுமாங்க? எங்கப்பா பேசறத ஒருக்கா கேக்கோணும்" என்று உன் அக்கா பத்து நாளாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் கேட்க வேண்டும். என்னைக் கூட ரசித்துத் திட்டிய மனுஷர் அவர் ஒருவர்தான்.

பரணிலிருந்து பிளேயரை இறக்கினால், மலை ஈரத்தில் டிஸ்க் வைக்கும் தட்டு வெளியே வரமாட்டேன் என்றது. அந்தக் காலத்தில் செய்வதுபோல ஸ்வெட்டரைச் சுற்றி அடுப்போரம் வைத்தேன். தட்டு வந்தது, ஸ்வெட்டரில் ஒரு கை போனது. முதல் டிஸ்க்கில் பூஞ்சை, பற்பசை போட்டுத் தேய்த்தேன், பால் பொங்கும் வரை ஜோராக ஓடி, நான் கொட்டாவி விடும் இடத்தில் கட்டம் கட்டமாக நின்றுவிட்டது. முன்பு வாடகை டிஸ்க் இப்படி நின்றால் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸே கூடிப் பிளேயரைத் தட்டுமே, நினைவிருக்கிறதா? இப்போது தட்ட நான் ஒருவன்தான். "இந்த மூஞ்சியத்தான் தெனமும் பாக்கறனே! ரெண்டாவதத் தேடுங்க" என்றாள் உன் அக்கா.

தேடினேன். வீட்டில் இல்லை. போன மாதம்தான் எல்லா டிஸ்க்கையும் நானே வெளிச்சத்தில் பிடித்துச் சோதித்து, உதவாதவற்றை மட்டும் குருவி விரட்டப் பீன்ஸ் பந்தலில் கட்டினேன். தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவன். என் கையைத் தாண்டி ஒரு தப்புப் பொருள் வெளியே போனதில்லை. ஆகவே டிஸ்க் உன்னிடம்தான். திருப்பிக் கொடுத்துவிட்டதாக நீ போனில் சொன்னது பச்சைப் பொய்.

உன் மனைவி செல்விக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கான ஆசி, டிஸ்க் வந்த பிறகு.

இப்படிக்கு,
உன் மச்சான்
லிங்கசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா பீன்ஸ் பறித்துவிட்டு வந்தாள். மடியில் பீன்ஸ், கையில் ஒரு டிஸ்க். 'புது வீடு - 2', என் கையெழுத்து. சோப்புப் போட்டுக் கழுவி ஓட்டினோம். பந்தியில் உங்கள் அப்பா கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்: "எங்க மாப்ள தங்கமான மனுசனுங்க. ஆனா ஒரு பொருளு காணாமப் போனா, மொதல்ல நம்ம வேலாமணியத்தான் புடிப்பாருங்க." உன் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நான் நாலு தரம் திருப்பி ஓட்டினேன். கடிதத்தைக் கிழிக்கப் போனால், "அப்பா சொன்னது மெய்யின்னு அவனுக்கும் தெரியட்டும், அனுப்புங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ வெறுங்கையோடு வந்தால் போதும்.