படகுத்துறையில் சிரிக்க வேண்டும்

நடுவில் ஒரு பேராறு ஓடியதால் இரண்டு துண்டாகக் கிடந்தது நித்தியபுரி நாடு. அங்கே படகுக் கூலியை எழுதிவைக்கும் பலகை கிடையாது. முன்பு இருந்தது. "விலையை எழுதிவைப்பது விலையின் சுதந்திரத்தைப் பறிப்பதாகும்" என்று மன்னர் சுந்தரகீர்த்தி அதைக் கழற்றச் செய்தார். அன்று முதல் துறையில் இருந்த சாளரத்தில் போய்க் கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் அதிகாரி முகத்தைப் பார்த்துத் தொகை சொல்வார்.

ஒரே ஆள் மறுபடி வந்து கேட்டால் தொகை ஏறும். திரும்பி வந்தவனுக்குத் தேவை இருக்கிறது, தேவை இருப்பவன் எப்படியும் கொடுப்பான் என்பது அரசின் கணக்கு. மக்கள் முக்காடு போட்டு வந்து கேட்டுப் பார்த்தார்கள். முக்காட்டுக்குத் தனி வரி வந்தது. படகு காலியாகக் கிடக்கும்போதே "இன்னும் இரண்டே இடம்!" என்று கூவுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள்.

கடைசியில் ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி என்பதுபோலப் பூவும் பொட்டுமாக வந்து, சிரித்துக்கொண்டே கேட்டால் கூலி இறங்கியது. இழவுக்குப் போகிறவர்களும் அப்படித்தான் போனார்கள். சொல்லவே எனக்குக் கூசுகிறது.

மாடத்திலிருந்து பார்த்த மன்னர் பூரித்துப்போனார். "இரு கரையிலும் சிரிப்பு! நம் ஆட்சியில் எவருக்கும் குறையில்லை."

"ஆகவே கூலியை இன்னும் உயர்த்தலாம், மன்னா. தாங்குவார்கள்" என்றார் கூலி அமைச்சர்.

உயர்த்தினார்கள்.

அந்த வாரம்தான் கோசலைக்குச் சேதி வந்தது. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட மகள் பூங்கோதைக்கு இடுப்புவலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது. அழுதபடியே ஓடிப்போய்க் கேட்டாள். பன்னிரண்டு பணம் என்றார் அதிகாரி. அவளிடம் பத்துதான் இருந்தது. கெஞ்சிப் பார்த்தாள். பதினெட்டு ஆயிற்று.

"ஐயா, இப்பதானே பன்னெண்டுன்னீங்க!"

"அம்மணி, தங்கள் கண்ணீரை அரசு மதிக்கிறது. எவ்வளவு மதிக்கிறது என்பதைத்தான் தொகையாகச் சொன்னேன்."

துறையில் வெற்றிலை விற்றவள் அவளை ஓரமாக இழுத்துப்போனாள். "அழுத மூஞ்சியோட நிக்காதீங்கக்கா. ஏறிக்கிட்டே போகும். மூஞ்சியக் கழுவிட்டு, இந்தப் பூவ வச்சுக்கிட்டுப் போங்க."

கோசலை கழுவினாள். பூ வைத்தாள். வெற்றிலையை மென்றுகொண்டு போய் நின்றாள்.

"சற்றுமுன் அழுதது தாங்கள்தானே?"

"அதுவா? கண்ணுல தூசிங்க. அக்கரையில சந்தையாமே, சும்மா பாத்துட்டு வரலாம்னு..."

அதிகாரி அவள் உதட்டையே பார்த்தார். அது துடிக்கப் பார்த்தது. இன்னும் அகலமாகச் சிரித்து அதை அடக்கினாள். "பதினொன்று" என்றார் அதிகாரி.

"வேண்டாங்க. போகாட்டி ஒண்ணும் குடிமுழுகிடாது" என்று சொல்லிவிட்டு அவள் படகுக்கு முதுகைக் காட்டி நடந்தாள். படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி கூப்பிடாவிட்டால் மகள் முகத்தைப் பார்க்க முடியாது. திரும்பிப் பார்த்தாலும் முடியாது.

"நில்லுங்கள் அம்மணி. ஒன்பது."

படகு நிறையப் பூ வைத்த ஜனம். நடு ஆற்றில் எந்தச் சாளரமும் இல்லாததால் எல்லோரும் அங்கேதான் அழுதார்கள். கோசலையும் வாய்விட்டு அழுதாள். அக்கரை தெரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் துடைத்துவிட்டார்கள்.

அக்கரைச் சாளரத்தின் முன் அவள் மருமகன் தேவநாதன் நின்றிருந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், முகமெல்லாம் பல்.

"மாப்பிள்ள, கோதை எப்படி இருக்கா? புள்ள?"

"இங்க வச்சுக் கேக்காதீங்க அத்த. நான் அந்தப் பக்கம் போகணும். வெல கேட்டுக்கிட்டு நிக்கிறேன். சிரிங்க."

"எதுக்குப் போறீங்க? வைத்தியரக் கூட்டிவரவா, இல்ல... சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிடவா?"

அவன் சாளரத்தின் பக்கம் பார்த்தான். இன்னும் பலமாகச் சிரித்தான். அவன் முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. சாளரத்துக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கோசலையும் சிரித்தாள்.