காற்றுக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு

நான்காவது அட்டையைக் காணவில்லை.

டார்லா பிக்கப் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் இருந்த டப்பாவை மறுபடியும் கிளறினாள். ஒன்று, இரண்டு, மூன்று இருந்தன. ஐந்திலிருந்து பத்து வரை இருந்தன. நான்கு மட்டும் கம்பி நீட்டிவிட்டது.

"கிடைச்சுதா?" என்று வெளியே நின்ற அவள் கணவன் ஹாலிஸ் கேட்டான். ஒரு கையில் காப்பி, இன்னொரு கையால் தொப்பியைப் பிடித்திருந்தான். வயோமிங்கில் அடிக்கிற காற்றுக்கு, வீட்டை விட்டு வெளியே வந்தால் தொப்பிக்கென்று ஒரு கை ஒதுக்கியாக வேண்டும்.

"கிடைச்சுடும்."

"நீ இருக்கறப்ப எனக்கென்ன கவலை!"

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு டார்லாவுக்குக் காது புளித்துவிட்டது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க அவளுக்கு இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். மூன்று வருஷமாக அதையும் துப்பாக்கிப் போட்டி தின்றுகொண்டிருந்தது.

போட்டியில் பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மேய்ச்சல் நிலத்தில் எங்கெங்கோ இரும்புத் தகடுகளை நட்டு வைத்திருப்பார்கள். தூரத்துக்குத் தகுந்தபடி துப்பாக்கி மேலுள்ள ஸ்கோப் என்ற குறிநோக்கியைத் திருக வேண்டும். காற்றுக்குத் தகுந்தபடி கொஞ்சம் தள்ளிக் குறிவைக்க வேண்டும். தூரத்துக்கு இவ்வளவு, காற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கெல்லாம் கட்டத்துக்கு ஒன்றாகச் சின்ன அட்டையில் இருக்கும். அதை இடது முன்கையில் கட்டிய பட்டையில் செருகிக்கொண்டு போய்ச் சுடுவார்கள். அட்டையில் ஒரு எண் தப்பினால் குண்டு மண்ணைத் தின்னும்.

முன்பெல்லாம் ஹாலிஸே கிறுக்கிக்கொள்வான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பேனாவோடு அவன் அல்லாடியதைப் பார்த்து, "கொடு, நான் அடிச்சுத் தரேன்" என்று டார்லா வாயை விட்டாள். அன்றைக்குப் பிடித்த சனி, சனிக்கிழமைதோறும் தொடர்ந்தது. எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. தூரத்துக்கு நீலம், காற்றுக்குச் சிவப்பு என்று பிரித்தாள், மழையில் நனையாமலிருக்க லாமினேட் செய்தாள். இப்போது நிறுத்தலாம் என்றால் மனசு வரவில்லை. தன் அட்டை இல்லாவிட்டால் அந்த மனிதன் என்ன செய்வான், பாவம்.

அதிலும் இன்றைக்கு நிறுத்தவே முடியாது. இன்றைய போட்டியில் முதல் பத்துப் பேருக்குள் வந்தால்தான் இறுதிப் போட்டிக்குப் போகலாம். பதினோரு வருஷமாக ஹாலிஸ் அந்த வாசலை மிதித்ததில்லை. முழங்கால் வேறு மக்கர் செய்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் அவனால் மண்டியிட முடியுமா என்பதே சந்தேகம்.

'ஒரு அட்டைதானே, புதுசா அடிச்சாப் போச்சு' என்று வண்டியிலேயே வைத்திருந்த குட்டிப் பிரிண்டரை எடுத்தாள். கணக்குப் போடும் செயலியைப் போனில் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன மாதம் ஹாலிஸ் வெடிமருந்தை மாற்றியிருந்தான். தோட்டாவின் வேகமும் மாறியிருந்தது. டார்லா பழைய வேகத்திலேயே எல்லா அட்டைகளையும் அடித்துத் தொலைத்திருக்கிறாள்.

பத்தையும் புதிதாக அடித்தாள். லாமினேட் இயந்திரத்தை வண்டியின் மின்சாரத்தில் சொருகினாள். பத்தாவது அட்டை வெளியே வந்ததும் 'பட்' என்று ஒரு சத்தம். ஃபியூஸ் போயிற்று. கடைசி மூச்சை விட்டுக்கொண்டு சார்ஜில் கிடந்த போனும் போயிற்று.

போகட்டும். கையில் பத்தும் இருக்கின்றன. பழைய ஒன்பதையும் எதற்கும் இருக்கட்டும் என்று டப்பாவிலேயே போட்டாள். அப்போது ஒலிபெருக்கியில் போட்டி நடத்துகிற எர்லின் குரல் கேட்டது.

"எல்லாரும் கேளுங்கப்பா. ரெண்டாவது கட்டத்துத் தகடு பின்னாடி மாடுங்க வந்து படுத்துடுச்சு. அதனால எட்டாவது கட்டத்தை ரெண்டாவதா வெச்சுக்கறோம். மூணாவது குழு ஆறுலேருந்து ஆரம்பிங்க."

"மாட்டை எழுப்புங்களேன்!" என்று யாரோ கத்தினார்கள்.

"அதுங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பத்தான் எழுந்திருக்கும். நிலம் அதுங்களோடது."

ஹாலிஸ் மூன்றாவது குழு. டார்லா பேனாவை எடுத்து எல்லா அட்டைகளிலும் எண்களை அடித்து மாற்றி எழுதினாள். அவசரத்தில் பழைய அட்டைகளிலும் மாற்றிவிட்டாள். கையோடு கொடுத்துவிடலாம் என்று வண்டிக் கதவைத் திறந்தாள்.

காற்று இதற்காகவே காத்திருந்தது போலிருக்கிறது. பத்தொன்பது அட்டைகளும் புதர்க்காட்டுக்குள் பறந்தன.

குழுவிலிருந்தவர்கள் நல்லவர்கள். எல்லோரும் தொப்பியை விட்டுவிட்டு ஓடினார்கள். ஆடு வளர்க்கிற மிட்ச் கை நிறைய அட்டைகளோடு மூச்சு வாங்க வந்தான். ஹாலிஸிடம் இருக்கிற அதே ரகத் துப்பாக்கிதான் அவனிடமும். இரண்டு பேருக்கும் தோட்டா மிட்ச்சின் கொட்டகையில் ஒன்றாகவே தயாராகும்.

"ஒண்ணு விடாம பொறுக்கிட்டோம், மேடம்" என்றான் பெருமையாக. சீட்டுக்கட்டைப் போல எல்லாம் கலந்து கிடந்தன. எது புதிது, எது பழையது, எந்தக் கட்டத்துக்கு எது என்று டார்லாவுக்கே விளங்கவில்லை. அத்தனையும் ஒரே நீலம், ஒரே சிவப்பு. அவளுக்கு அழுகை முட்டியது.

"டார்லா! என் முறை வந்துடுச்சு!"

கைக்கு வந்த ஒன்றைக் கொடுத்தாள். ஹாலிஸ் அதைப் பட்டையில் செருகி, மிட்ச்சோடு ஏதோ குசுகுசுவென்று பேசிவிட்டு, போய்ப் படுத்தான். கையைத் தூக்கி அட்டையைப் பார்த்தான். தலையாட்டினான். சுட்டான்.

டங். டங். டங். பத்தில் ஒன்பது.

தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டு டப்பாவை நிதானமாகப் பார்த்தால், அந்தக் கட்டத்துக்கான அட்டை புதிதும் பழையதும் இரண்டுமே அதற்குள்ளேயே இருந்தன. அப்படியானால் ஹாலிஸ் கையில் இருப்பது வேறு எதுவோ. குருட்டு அதிர்ஷ்டம் ஒரு தடவை வரும். பத்துத் தடவை வருமா?

அடுத்த கட்டத்தில் அவன் தண்ணீர் குடிக்கும்போது பட்டையிலிருந்து அட்டையை உருவி வேறொன்றைச் செருகினாள். செருகிய பிறகு, முதலில் இருந்ததுதான் சரியோ என்று தோன்றியது. மறுபடி உருவினாள்.

"என்ன பண்றே?"

"தூசி. துடைக்கிறேன்."

"உன்னை மாதிரி யாருடி பார்த்துப்பா?" என்று அவன் சொன்னபோது அவளுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அந்தக் கட்டத்தில் எட்டு.

மத்தியானம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "ஹாலிஸ், அந்த அட்டை இருக்கே..."

"அதைப் பத்தி ஒண்ணும் பேசாதே. கல்வெட்டு மாதிரி இருக்கு. ஒவ்வொரு எழுத்தும் பளிச்சுனு இருக்கு."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? வெயிலிலும் புழுதியிலும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டம் கட்டமாக அவன் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு இடத்திலும் டப்பாவைக் கிளறினாள், மாற்றினாள், மாற்றியதை மாற்றினாள். கால் வலித்தது, முதுகு வலித்தது. எல்லாவற்றையும் விட, தன்னால் அவன் ஆசை மண்ணாகப் போகிறதே என்ற நினைப்பு வலித்தது.

கடைசிக் கட்டம் வந்தது. ஹாலிஸ் மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்த பிறகுதான் டார்லா அவன் கையைச் சரியாகப் பார்த்தாள். பட்டையிலிருந்த அட்டையில் பழுப்புக் கறை இருந்தது. மேலே அவள் கையெழுத்தில், 'பன்றி விலா மசாலா' என்றிருந்தது.

அடுப்படியில் தெறிக்கிறதே என்று அவள்தான் அதையும் லாமினேட் செய்து வைத்திருந்தாள். எப்படியோ டப்பாவுக்குள் வந்துவிட்டது. மிளகாய்த்தூள் மூன்று கரண்டி, வெல்லப்பாகு ஒன்றரை, வினிகர் அரை.

"நிறுத்து!" என்று கத்த நினைத்தாள். நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது. குறுக்கே போனால் அவனை வெளியே தள்ளிவிடுவார்கள். ஹாலிஸ் கையைத் தூக்கினான். பன்றி விலா மசாலாவை உற்றுப் பார்த்தான். ஆழ்ந்து யோசித்தான். தலையாட்டிவிட்டு ஸ்கோப்பைத் திருகினான்.

டார்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

டங். டங். டங். டங்.

பத்துக்குப் பத்து.

சாயங்காலம் எர்ல் பட்டியல் வாசித்தார். ஹாலிஸுக்கு ஒன்பதாவது இடம். இறுதிப் போட்டி நிச்சயம். முழங்கால் வலியெல்லாம் மறந்து அவன் டார்லாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "எல்லாம் உன் அட்டைதான்! உன் அட்டைதான்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். டார்லா நிஜமாகவே அழுதுவிட்டாள். மற்றவர்கள் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

அவன் எர்லோடு கைகுலுக்கப் போன நேரம் பார்த்து, அவள் மிட்ச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"மிட்ச், உண்மையைச் சொல்லு. அந்த ஆள் கையில சமையல் குறிப்பு இருந்தது. எப்படிச் சுட்டார்?"

மிட்ச் தொப்பியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"மேடம், நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"அவருக்குக் கிட்டத்துல இருக்கற எழுத்து எதுவும் தெரியறதில்லை. தூரம் கழுகு மாதிரித் தெரியும், கையில கட்டினது தெரியாது. கண்ணாடி போடவும் கௌரவம் விடலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னாடி என் அட்டையைப் பார்த்து நம்பரை நான்தான் காதுல சொல்லுவேன். மனசுல வெச்சுக்கிட்டுப் போய்ச் சுட்டுடுவாரு."

"எப்போலேருந்து?"

"மூணு வருஷமா."

டார்லா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். தூங்காத சனிக்கிழமைகள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன.

"அப்ப என்னை எதுக்கு இத்தனை நாளா அட்டை அடிக்க விட்டார்?"

மிட்ச் தரையைப் பார்த்தபடி சொன்னான். "'வாரம் பூரா பஸ் ஓட்டி ஓஞ்சு போறா, பாவம். அவளுக்குன்னு இருக்கற ஒரே சந்தோஷம் இந்த அட்டைதான், யாரும் அதைக் கெடுத்துடாதீங்கடா'ன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காரு, மேடம்."