காலி வீட்டிலிருந்து ஒரு புகார்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் மேட்டுப் பக்கத்து முகாமில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் வெள்ளமும் சுகம். நான் இருக்கும் மாடிக்குப் படி மொத்தம் பதினாறு. வெள்ளம் பதினொன்றில் நிற்கிறது.

நீங்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பதால் இதை எழுத்தில் தருகிறேன். வாயால் சொல்லி எந்த அலுவலகம் அசைந்திருக்கிறது? மூன்று நாளைக்கு முன் நகராட்சி ஆள் சிவப்பு வர்ணத்தோடு வந்து, "பெரியவரே, கிளம்புங்க" என்றான். உத்தரவை எழுத்தில் கேட்டேன். அவன் விடுவதாயில்லை. தொல்லை ஒழியட்டும் என்று, 'வீட்டைவிட்டு வெளியேறிவிட்டேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவரில் 'காலி' என்று எழுதிவிட்டுப் போனான். சாக்கடைக்காக இருபது வருடமாக நான் கொடுத்த மனுக்கள் ஒரு மேசையைத் தாண்டியதில்லை. இந்தத் தாள் மட்டும் ஒரே மணி நேரத்தில் நகராட்சி, மாவட்டம், மத்திய மீட்புப் படை மூன்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றுக்கும் போன் செய்தேன். மூன்றிலும் ஒரே பதில்: "அந்த வீட்ல யாரும் இல்லீங்க. அவரு முகாம்ல மூணு வேளையும் கையெழுத்துப் போட்டுச் சாப்பிடறாரு." "அப்ப பேசறது யாருய்யா?" என்றால், "அதை எழுத்துல குடுங்க" என்கிறார்கள்.

நேற்றுக் காலை மீட்புப் படகு என் ஜன்னலுக்கு நேர் கீழே வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவன் என் முகத்தையே பார்த்தான்.

"அண்ணே, குரல் கேக்குதே?"

"பட்டியல்ல காலி. எழுதிக்க."

எழுதிக்கொண்டான். எதிர் வீட்டுக்கும் அப்படியே எழுதினார்கள். அங்கே ஜன்னல் திரை அசைந்தது.

மொட்டை மாடிக்கு ஏறலாம் என்றால் கதவு பூட்டியிருக்கிறது. சாவி ஆணியில் இல்லை. ஆகவே உடனே என் பெயருக்கு நேரே உள்ள 'வெளியேறினார்' என்பதை அடித்து, மூன்று அலுவலகத்துக்கும் நகல் அனுப்பவும். இதைப் பாலிதீன் பையில் கட்டி அடுத்த படகில் எறிவேன். காலி வீட்டிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வது என்று அவர்களே கூடி முடிவு செய்யட்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னும் வெளியேறாத மாமனார்

பி.கு.: சற்று முன் உங்களுக்கே போன் செய்தேன். "யாருங்க நீங்க? மாமா இதோ முகாம்ல என் பக்கத்துல உக்காந்திருக்காரே! போர்வை சின்னதா இருக்குன்னு மூணு நாளா சண்டை" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சண்டை போடுகிறார் என்றால் அது நான்தான்; மறுப்பதற்கில்லை. எனவே மேலே உள்ள புகார் செல்லாது. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லவும்: மொட்டை மாடிக் கதவுச் சாவியை எங்கே வைத்தார்? தண்ணீர் பதினான்காம் படிக்கு வந்துவிட்டது.